வீட்டார் சொன்ன பதில்

பிப்ரவரி 3, திங்கள்

சென்னையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் நடத்தும் அறிவியல், பொறியியல் பணியாளர் கணக்கெடுப்பைத் தலைகீழாக மாற்றப் போகிறார்களாம். நாட்டில் விஞ்ஞானமும் பொறியியலும் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள், வேலையை விட்டவர்கள் ஏன் விட்டார்கள், இவ்வளவுதான் நாங்கள் கேட்பது. பத்து வருடம் முன்பு நூறு கதவைத் தட்டினால் எண்பது பேர் உட்காரவைத்துக் காபி கொடுத்துப் பதில் சொன்னார்கள். போன முறை நாற்பத்தாறு பேர். மிச்சப் பேர் வீட்டில் இல்லை, அல்லது உள்ளே இருந்துகொண்டே இல்லை.

இதற்கு மேலிடத்தில் கண்டுபிடித்திருக்கும் மருந்து: ஆள் இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவரைக் கேட்டு எழுதிக்கொள். அலுவலக பாஷையில் ப்ராக்ஸி. கல்லூரியில் வராதவனுக்காகப் பக்கத்துப் பெஞ்சுக்காரன் "பிரசன்ட் சார்" சொல்வானே, அதேதான். இருபத்தாறு வருடமாக நான் இதற்குப் பரம எதிரி. ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொன்ன பதிலை எழுதிக்கொண்டு வந்த எத்தனையோ பேரைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன்.

அதனால்தானோ என்னவோ சோதனையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கோவையில் முப்பது பேர். முதலில் அவர்கள் வீட்டாரைக் கேட்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, அதே கேள்விகளை அவர்களையே கேட்க வேண்டும். இரண்டு படிவத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று எழுதுவது என் வேலை. மாவட்டத்தில் எனக்குத் துணை, சீனியர் கள ஆய்வாளர் நாச்சிமுத்து. பேச்சுக்காரர்.

புதிய படிவத்தில் ஒரு கேள்வி என் கைவண்ணம். பதினைந்தாவது. "வேலையை விடும் முடிவை முதன்மையாக எடுத்தவர் யார்? 1. நானே 2. நிறுவனம் 3. குடும்பத்தினர் 4. பிறர்." குழு அப்படியே ஏற்றுக்கொண்டது. பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்?

வீட்டுக்கு வர ஏழு மணி. படுக்கையில் இருக்கும் அத்தைக்கு என் நாத்தனார் தமயந்தி கஞ்சி கொடுத்து முடித்திருந்தாள். எனக்குச் சூடாக ராகி தோசை. அவள் வந்ததிலிருந்து நான் சாயங்கால அடுப்பு பக்கம் போனதேயில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

முதல் வீடு பீளமேட்டில். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மகனுக்காகப் பதில் சொன்னார். மகன் மெக்கானிக்கல் படித்தவன், வயது இருபத்தொன்பது.

"ரோபோ பண்றானுங்க மேடம். ஜப்பான்காரனே வந்து பாத்துட்டுப் போனானுங்க."

"அவருக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

"ஒரு இருவத்தஞ்சு பேர் இருப்பாங்க, போட்டுக்குங்க."

எங்களுக்கு இரண்டு விதி. கேள்வியை எழுதியபடியே வாசிக்க வேண்டும். பதிலைக் கேட்டு முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. முதல் விதி சுலபம். என் முகம் இரண்டாவது விதிக்கு லாயக்கில்லாதது. குனிந்துகொண்டே இருபத்தைந்து என்று எழுதினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

சிங்காநல்லூர். மாமியார் மருமகளுக்காகப் பதில் சொன்னார். மருமகள் பி.இ., முதல் வகுப்பு.

"அவ சும்மாதானுங்க அம்மிணி இருக்கறா. பொழுதுக்கும் ரூமுக்குள்ள கம்ப்யூட்டர்ல எதையோ தட்டிட்டு. நீங்களாச்சும் எதாச்சும் வேலைக்குப் போகச் சொல்லுங்க."

சும்மா என்பதற்கு எங்கள் படிவத்தில் எண் ஒன்பது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. அத்தையின் படுக்கை விரிப்புகளைத் தமயந்தி கையால் துவைத்தாள். நான் உலர்த்தினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆளையே கேட்கும் சுற்று ஆரம்பம். இன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தாயிற்று. ரோபோ மகன் ஒரு கார் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர். கீழே யாரும் இல்லை.

"அப்பா ரோபோன்னாருங்களா? போன வருசம் வரைக்கும் ட்ரோன்னு சொல்லிட்டு இருந்தாருங்க" என்றான். அவனுக்குக் கோபம்கூட இல்லை.

சிங்காநல்லூர் மருமகளை அவள் அம்மா வீட்டில் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும் அந்தப் பெண் இரண்டு பம்பு கம்பெனிகளுக்கு வால்வு வரைந்து கொடுக்கிறாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம். நான் கேட்காமலே சொன்னாள்: "அத்தைக்குச் சும்மான்னே இருக்கட்டுங்க. வேலைன்னு தெரிஞ்சா, எவன்கூடப் பேசற, எதுக்குப் பேசறன்னு ஆரம்பிச்சிருவாங்க."

நாச்சிமுத்துவுக்குக் கிடைத்தது இன்னும் நல்லது. சூலூரில் ஒரு அம்மா, "எம் பொண்ணு லேப்ல ரத்தம் எடுக்கறாங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கோழிகளுக்குத் தடுப்பூசி ஆராய்ச்சி செய்கிற முனைவர். "கோழி ரத்தமும் ரத்தந்தானுங்களே மேடம்" என்றார் நாச்சிமுத்து.

பிப்ரவரி 19, புதன்

இதுவரை இருபத்து மூன்று ஜோடி. "என்ன வேலை" என்ற கேள்வியில் பதினேழு பொருந்தவில்லை. ஏன் இப்படி என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே யோசனை. வீட்டார் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பையனுக்குப் பெண் பார்க்கும்போது தரகரிடம் சொல்லும் பதில் ஒன்று எல்லா வீட்டிலும் தயாராக இருக்கிறது. படிவத்தைக் கண்டதும் அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கல்யாணம் ஆகிவிட்ட பெண்ணுக்கு அப்படிப் பதிலே தயாராக இல்லை, அதனால் சும்மா.

இதை அழகாக எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். வித்யாசாகர் சார் போனில் கூப்பிட்டார். கணக்கெடுப்பை மாற்றியமைக்கும் குழுவுக்கு அவர்தான் தலைமை. கெட்டவர் இல்லை. அவர் கழுத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஊர்ல கூட்டிக் குறைச்சுச் சொல்றது சகஜம்மா. வேலை பேரை நாம வேற பதிவுகள்லேருந்து எடுத்துக்கலாம். எனக்கு முக்கியம் வேலையை விட்டவங்க. ஏன் விட்டாங்க, யார் முடிவு. அது வீட்டுக்காரங்களுக்குத் தெரியாம இருக்குமா என்ன? அதுல பொருந்திடுச்சுன்னா ப்ராக்ஸிக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

என்னிடம் வேலையை விட்டவர்கள் நான்கே பேர். நான்கிலும் பொருந்திவிட்டது. எரிச்சல்.

பிப்ரவரி 24, திங்கள்

கடைசி ஜோடி கை நழுவிவிட்டது. குனியமுத்தூரில் வேலையை விட்ட ஒரு இன்ஜினியர், முதலில் சரி என்றவர், இன்று வாசலிலேயே வைத்து முடியாது என்றுவிட்டார். மாற்றாக வேலையை விட்ட ஒருவர் உடனே வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது நாச்சிமுத்து சொன்னார்: "ஏனுங்க மேடம், உங்க நாத்தனார் இருக்காங்கல்லங்க. கெமிஸ்ட்ரி டாக்டர். வீட்டார் பதிலை நீங்க எழுதுங்க. ஒரு வாரம் பொறுக்க நேரமில்லீங்க, ரெண்டு மூணு நாள்ல அவங்களை நான் போய்க் கேட்டுக்கறேன்."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஒரே வீட்டில் இருப்பதால் ஒருவேளை கண்ணில் படவில்லை.

தமயந்தி என் கணவரின் தங்கை. நாற்பத்தொரு வயது. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். ஹைதராபாதில் ஒரு ஆய்வகத்தில் விஞ்ஞானியாக இருந்தாள், சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆராய்ச்சி. 2022 ஆகஸ்டில் அத்தைக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நான்கு மாத விடுப்பில் வந்தாள். அப்படியே தங்கிவிட்டாள். அவளாகத்தான் விட்டாள்.

படிவத்தை நான்கு நிமிடத்தில் பூர்த்தி செய்தேன். இப்போது செய்யும் வேலை: வீட்டுப் பொறுப்பு. ஆராய்ச்சி சம்பந்தமாக ஏதாவது செய்கிறாரா: இல்லை. விட்ட காரணம்: குடும்பம். முடிவு எடுத்தவர்: 1, அவரே. மீண்டும் வேலைக்குப் போக விருப்பமா: இல்லை. இங்கே அவளுக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. மத்தியானம் அத்தை தூங்கும்போது லேப்டாப்பில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். சீரியலாக இருக்கும்.

சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். "என்னையா? கேக்கட்டுங்க அண்ணி" என்றாள். பிறகு, "யாரு படிப்பாங்க அதை?" என்று கேட்டாள்.

"நான்தான் ஒப்பிட்டுப் பார்க்கணும். சங்கடமா இருந்தா வேண்டாம்னு சொல்லிடு."

"இல்லீங்க. வரச் சொல்லுங்க."

பிப்ரவரி 27, வியாழன்

நாச்சிமுத்து பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்குப் போனார். நான் விதிப்படி அலுவலகத்தில் இருந்தேன். சாதாரணமாக ஒரு படிவத்துக்கு இருபது நிமிடம் ஆகும். அவர் திரும்பி வர மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது.

"என்னங்க இவ்வளவு நேரம்? சாப்பாடு போட்டாளா?" என்று கேட்டேன்.

"காபி குடுத்தாங்க." உறையை ஒட்டி மேலே கையெழுத்துப் போட்டு என் மேஜையில் வைத்தார். ஒரு நகைச்சுவையும் இல்லை. மனுஷருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

வேறு மூன்று ஜோடிகளை ஒப்பிட்டு முடித்தேன். முப்பதாவது உறையைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 3, திங்கள்

பார்த்தேன்.

இடது பக்கம் என் படிவம், வலது பக்கம் அவளுடையது. ஒப்பிடும் முறைப்படி ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

இப்போது செய்யும் வேலை. நான்: வீட்டுப் பொறுப்பு. அவள்: நோயாளிப் பராமரிப்பு, நாளுக்குப் பதினான்கு மணி நேரம். பொருந்தவில்லை.

ஆராய்ச்சி சம்பந்தமாக ஏதாவது. நான்: இல்லை. அவள்: ஆம். திருப்பூரில் இரண்டு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் பரிசோதனை முடிவுகளைப் பழைய சகா ஒருவருக்காகச் சரிபார்த்துக் கொடுக்கிறாள். வாரத்துக்கு எட்டு மணி நேரம், மத்தியானங்களில். பொருந்தவில்லை. சீரியலாம் சீரியல்! என் வாயில் மண்.

மீண்டும் வேலைக்குப் போக விருப்பமா. நான்: இல்லை. அவள்: ஆம்.

முடிவு எடுத்தவர் யார். நான்: 1. அவள்: 3. அதன் கீழே நாச்சிமுத்துவின் சின்னச் சின்னக் கையெழுத்தில், அவள் சொன்னது சொன்னபடி: "என் அண்ணி. ஆய்வகத்திலிருந்து எனக்கு வந்த போனை எடுத்து, நான் வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை, பிறகு சொல்லவும் இல்லை. ஒரு வாரத்தில் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. 'உங்கள் வீட்டார் தெரிவித்தபடி' என்று அதில் இருந்தது."

ஓரத்தில் இன்னொரு குறிப்பு. "மேற்பார்வையாளர் இதைப் படிப்பார் என்று நினைவூட்டினேன். 'தெரியும், அதனால்தான் சொல்கிறேன்' என்றார்."

மார்ச் 4, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பாதியில் நிறுத்தியிருக்கிறேன். மிச்சத்தையும் எழுதிவிட வேண்டும்.

2022 நவம்பர் கடைசி வாரம். அத்தையைப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குத் தமயந்தி அழைத்துப் போயிருந்தாள். அவசரத்தில் போனை வீட்டில் சார்ஜில் விட்டுவிட்டாள். அடித்தது. எடுத்தேன். ஹைதராபாதிலிருந்து நிர்வாக அலுவலர், மரியாதையான மனிதர். விடுப்பு முடியப்போகிறது, வருகிறாரா, நீட்டிக்க வேண்டுமா, வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நீட்டிக்க வழி உண்டு என்றும் சொன்னார். அதை யாருக்கும் நான் இதுவரை சொன்னதில்லை.

"அவளிடம் கேட்டுச் சொல்கிறேன்." சொல்ல எத்தனை விநாடி ஆகியிருக்கும்? பகலெல்லாம் ஊராரிடம் "ஆள் வந்த பிறகு வருகிறேன், அவரே சொல்லட்டும்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இது. அன்றைக்கு அந்த வாய், "அவங்க வரமாட்டாங்க, இங்கேயே இருக்கறதா முடிவு பண்ணிட்டாங்க" என்று சொன்னது.

அடுத்த வாரம் எனக்கு மேற்பார்வையாளர் பதவி உயர்வுக்கான பயிற்சி, சென்னையில் மூன்று வாரம். தமயந்தி போய்விட்டால் நான் போக முடியாது. அது அந்த விநாடியில் என் மனதில் இருந்ததா? இருந்தது. வேறெதுவும் இல்லை.

அவள் வந்ததும், "ஹைதராபாத்ல இருந்து போன். அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க" என்றேன். ஒரு வாரத்தில் அவளுக்குக் கடிதம் வந்ததை நான் அறியவே இல்லை. அவளும் மூச்சு விடவில்லை. நான் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று எனக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். எல்லாம் தெரிந்துதான் கட்டிக் கொடுத்திருக்கிறாள். பாவி நான்.

மார்ச் 6, வியாழன்

வித்யாசாகர் சார் போன். அறிக்கை திங்கட்கிழமை வேண்டுமாம்.

"வேலையை விட்ட அஞ்சு பேர்ல நாலு பொருந்துதுல்ல? அஞ்சாவது உன் வீட்டு ஆளாமே. நாச்சிமுத்து சொன்னார். அது முறையில்லைன்னு சொல்லி எடுத்துடலாம்மா. இருபத்தொன்பது ஜோடி போதும். யாரும் கேக்க மாட்டாங்க."

சாருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. எவ்வளவு சுலபம்! உறையோடு குப்பையில் போட்டால் நான் தப்பித்தேன். ப்ராக்ஸி நாடு முழுவதும் வந்துவிடும். எத்தனை தமயந்திகளுக்கு எத்தனை அண்ணிகள் நான்கு நிமிடத்தில் பதில் எழுதுவார்கள்!

நாச்சிமுத்துவிடம் கேட்டேன். "நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் கேள்வி கேட்டேன், எழுதினேன் மேடம். அத்தோட என் வேலை முடிஞ்சுது." எழுந்து போகப் போனவர் திரும்பி, "அந்தம்மா ஒருக்காக்கூட உங்களைக் கோவிச்சுப் பேசலீங்க. அதான் எனக்குத் தாங்கல" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

நாளை மகளிர் தினமாம். அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு ரோஜா கொடுத்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அறிக்கையை அனுப்பிவிட்டேன். முப்பது ஜோடியும் இருக்கிறது. முப்பதாவதன் கீழே: "வீட்டார் சொன்ன பதில் தவறு. பதில் சொன்னவர் இந்த அறிக்கையை எழுதுபவர். இருபத்தாறு வருடப் பயிற்சியும் அவரைத் தடுக்கவில்லை. வேலையை விட்டவர்களைப் பற்றி, அதனால் பயன் அடைந்தவர்களைக் கேட்டு எழுதக் கூடாது."

கூடவே இன்னொரு தாளும் கொடுத்தேன். ஒரு வருடம் ஊதியமில்லா விடுப்புக்கு விண்ணப்பம்.

மார்ச் 8, சனி

காலையில் கணவரிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். கதிர்வேல் நல்லவர்தான். "அவளுக்கு இங்கதானே நிம்மதி?" என்றார். இந்த வாக்கியத்தை நான்தான் இரண்டரை வருடமாக அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "அவ சொன்னாளா?" என்று கேட்டேன்.

பிறகு தமயந்தியிடம் போனேன். அத்தையின் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நான் ஒரு வருஷம் லீவு போட்டுட்டேன் தமயந்தி. அத்தையை நான் பார்த்துக்கறேன். நீ ஹைதராபாத் போ. உன் பழைய டைரக்டருக்கு இன்னைக்கே மெயில் போடு. அடுத்த வாரம் டிக்கெட் எடுத்துடலாம். ஹாஸ்டல்கூட நான் நெட்ல பார்த்து..."

அவள் சிரித்துவிட்டாள். நிஜமாகவே சிரிப்பு.

"மறுபடியும் நீங்களே பதில் சொல்றீங்களே அண்ணி."

கண்ணை மூடிக்கொண்டு மோதிய சுவரிலேயே மறுபடியும் மோதியிருக்கிறேன். இந்தத் தடவை நல்ல எண்ணத்தோடு.

அத்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேரைக் கேட்டிருக்கிறேன். இவளிடம் இதைக் கேட்டதில்லை.

"உனக்கு என்ன வேணும் தமயந்தி?"

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தெரியலீங்க அண்ணி. கேப்பாங்கன்னு எதிர்பார்த்தப்ப பதில் வெச்சிருந்தேன். அப்புறம் விட்டுட்டேன். ஒரு வாரம் குடுங்க" என்றாள். பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கும் கையால் எனக்குத்தான் முந்தானையை நீட்டினார். அவருக்கு யார்மேல் இரக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இந்த வாரம் கைவசமிருந்த விடுப்பில் வீட்டில் இருக்கிறேன். அத்தைக்கு ஒரு இட்லி ஊட்ட நாற்பத்தைந்து நிமிடம். இதை நான் இதுவரை அறியவில்லை. என் படிவத்தில் இதற்குப் பெயர் வீட்டுப் பொறுப்பு.

மார்ச் 12, புதன்

தமயந்தி காலையில் கிளம்பி எங்கோ போய்விட்டு மத்தியானம் வந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் வேறொரு கேள்வி கேட்டேன். "சாயத் தண்ணியை எப்படிம்மா சுத்தம் பண்றீங்க?" அவள் இந்தத் துறைக்குப் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. இது நான் கேட்ட முதல் கேள்வி.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கலரை எடுக்கறது பெரிய விசயமில்லீங்க அண்ணி. கண்ணுக்குத் தெரியறதை எடுத்துரலாம். அதுல கரைஞ்சு கெடக்கற உப்புதான் கஷ்டம். தண்ணி பளிச்சுனு இருக்கும், ஆனா வாயில வெக்க முடியாது." பீட்ரூட் தண்ணீரில் உப்பைப் போட்டு, வடிகட்டி, பேப்பரில் படம் போட்டு, முக்கால் மணி நேரம் சொன்னாள். பாதி புரிந்தது. மீதியை நாளை கேட்பேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. இருவரும் கவனிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வித்யாசாகர் சார் போன். ஏதோ திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "முப்பதாவது ஜோடியைக் குழுவில வாசிச்சேன்" என்றார். வேலையை விட்டவர்களுக்கு ப்ராக்ஸி கிடையாது, ஆள் கிடைக்கும்வரை போக வேண்டும் என்று முடிவாகியிருக்கிறதாம். பழைய எண்பது சதவீதப் பதில் இனி வராது. விடுப்பு விண்ணப்பம் அவர் மேஜையில்தான் இருக்கிறது, என்ன செய்யட்டும் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

தமயந்தி இன்று பதில் சொன்னாள். காலைச் சிற்றுண்டிக்கு முன்னால், எங்கள் இருவரையும் உட்காரவைத்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். இவர் நடுவில், "அதுக்குப் பதிலா இப்படி..." என்று ஆரம்பித்தார். நான் அவர் முழங்காலைத் தட்டினேன்.

ஹைதராபாதா, திருப்பூரா, வேறெதுவுமா, எத்தனை மாதம், எதற்கு என்பதையெல்லாம் இங்கே எழுத உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்த பிறகு நிறுத்திவிட்டேன். அது அவள் பதில். தெரிய வேண்டியவர்கள் அவளையே கேட்டுக்கொள்ளட்டும்.

என் வீட்டுப் பக்கத்துக் கணக்கை மட்டும் எழுதுகிறேன். நாளை முதல் காலை ஐந்தரைக்கு அத்தையைத் திருப்பிப் படுக்கவைத்து மருந்து கொடுப்பது நான். குளிப்பாட்டுவது இவர். மத்தியானத்துக்கு ஒரு நர்ஸ் அம்மாவைச் சொல்லியிருக்கிறோம், அதனால் என் விடுப்பு விண்ணப்பம் இனித் தேவையில்லை. ஏழேகால் பஸ்ஸுக்குத் தமயந்திக்கு டிபன் கட்ட வேண்டும். என்ன கட்டட்டும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.